பாதியில் நின்ற பருவமும் ஒரு வைரஸின் வரைபடமும்

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. காலை 8 மணி வாக்கில் பேராக் முழுவதும் பள்ளிகள் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன. அதே நேரம் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் புதன்கிழமை இரவு. 18,000 பேர் அமரக்கூடிய உள்ளரங்கில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் குழுவும் யூட்டா ஜாஸ் குழுவும் கூடைப்பந்தாட்டத்துக்குத் தயாராக நின்றன. நடுவர் பந்தை மேலே வீசவேண்டியதுதான் பாக்கி. திடீரென்று தண்டர் குழுவின் மருத்துவப் பிரிவு அதிகாரி திடலுக்குள் ஓடி வந்தார். நடுவர்களிடம் ஏதோ சொன்னார். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: இன்று ஆட்டம் இல்லை, எல்லாரும் அமைதியாக வீடு திரும்புங்கள்.

யூட்டா குழுவின் 216 செ.மீ. உயர பிரெஞ்சு ஆட்டக்காரர் ருடி கோபேருக்குக் கோவிட்-19 தொற்று இருப்பது அப்போதுதான் உறுதியாகியிருந்தது. உடல்நலம் இல்லாததால் அவர் அன்று அரங்கத்துக்கே வரவில்லை. அன்றிரவே என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் பருவம் முழுவதையும் நிறுத்தி வைத்தது. திட்டமிட்டிருந்த 1,230 ஆட்டங்களில் 971 முடிந்திருந்தன. 259 ஆட்டங்கள் அப்படியே நின்றன. உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அதே நாளில்தான்.

அமெரிக்கக் கூடைப்பந்து நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அதே வாரத்தில் நம் நாட்டிலும் எல்லாம் நின்றது. மார்ச் 16-இல் மலேசியக் காற்பந்து லீக் நின்றது. அப்போது சூப்பர் லீக்கில் நான்கே சுற்றுகள் முடிந்திருந்தன. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோலாலம்பூர் டிராகன்ஸ் ஆடிய ஆசியான் கூடைப்பந்து லீக்கும் அந்த மாதமே நின்றது. ஜூலையில் பருவமே ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். பத்துக் குழுக்கள் மாதக்கணக்கில் ஆடியும் வெற்றியாளர் என்று ஒருவரும் இல்லை. ஈப்போவில் ஏப்ரலில் நடக்கவேண்டிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிப் போட்டி தள்ளிப்போய், பிறகு கைவிடப்பட்டது. அந்தப் போட்டி ஈப்போவுக்குத் திரும்ப 2022 நவம்பர் ஆனது. ஒரு வாரப் பள்ளி விடுமுறை என்று வீட்டுக்குப் போன மாணவர்களோ மாதக்கணக்கில் பள்ளியைப் பார்க்கவில்லை. தேர்வு வகுப்புகள்கூட ஜூன் 24-இல்தான் திறந்தன.

இரண்டாவது காரணம்தான் இந்தப் பக்கத்துக்கு உரியது. நின்றுபோன அந்த லீக், மீண்டும் தொடங்குவதற்காக ஒரு மாபெரும் சோதனைச்சாலையாக மாறியது. ஒரு மனித உடலுக்குள் இந்த வைரஸ் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று நாளுக்கு நாள் வரைந்து காட்டிய முதல் தெளிவான வரைபடங்களில் ஒன்று, கூடைப்பந்துக்காரர்களின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளால் கிடைத்தது.

மூச்சுக் கணக்கு

முதலில், ஏன் நிறுத்தினார்கள்? நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறீர்கள். பயிற்சி பெற்ற ஆட்டக்காரர் திடலில் முழு வேகத்தில் ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டலாம். அனைத்துலகக் கூடைப்பந்துத் திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்குள் பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு, ஒருவர் விட்ட காற்றை அடுத்தவர் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் விமானமேறி அடுத்த நகரம், அங்கே வேறொரு குழு. மூச்சால் பரவும் கிருமிக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை நாம் திட்டமிட்டாலும் செய்து கொடுக்க முடியாது.

இதோடு பெருக்கல் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத தொடக்கக் காலத்தில், தொற்று கண்ட ஒருவர் சராசரியாக 2 முதல் 3 பேருக்குப் பரப்பினார் என்பது அன்றைய மதிப்பீடு. குறைந்த எண்ணான 2-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒருவர் இருவராகிறார், இருவர் நால்வராகிறார், நால்வர் எண்மர். பத்தாவது சுற்றில் 1,024 பேர். ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் என்றால் ஐம்பதே நாள். இப்போது அந்த 2-ஐ 0.8 ஆக்குங்கள். 1,000 பேரில் தொடங்கினாலும் பத்துச் சுற்றில் புதிதாகத் தொற்றுபவர் சுமார் 107 பேராகக் குறைந்துவிடுவார்கள். ஆட்டத்தை நிறுத்துவதால் வைரஸ் சாவதில்லை. ஒருவர் சந்திக்கும் ஆள்களின் எண்ணிக்கை குறைகிறது, அதனால் அந்தப் பெருக்கும் எண் 1-க்குக் கீழே இறங்குகிறது. கட்டுப்பாட்டு ஆணையின் கணக்கும் இதுவே.

உங்கள் தாத்தா பாட்டிக்கு இந்தக் கணக்கு வேறு பெயரில் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் எல்பில், டோவன்பி, ஹேவூட் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் லயத்து வீடுகளில் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். தண்ணீருக்குப் பொதுக் குழாய். விடியற்காலையில் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடிப் பெயர் கொடுக்க வேண்டும். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். வெளியாள் உள்ளே போகமாட்டார், அந்த வீட்டுப் பிள்ளைகள் வெளியே வரமாட்டார்கள். வேப்பிலை கிருமியைக் கொன்றதா என்பது வேறு கேள்வி. வாசலில் ஆளை நிறுத்தியது என்பதில் சந்தேகமில்லை. அறிவிப்புப் பலகை இல்லாத காலத்தில் அது ஒரு நல்ல அறிவிப்புப் பலகை.

கொப்புளத்துக்குள் ஒரு லீக்

நிறுத்துவது எளிது. திரும்பத் தொடங்குவதுதான் சிக்கல். என்.பி.ஏ. கண்ட வழி, லீக்கையே ஒரு கொப்புளத்துக்குள் அடைப்பது. சோப்புக் குமிழிபோல, உள்ளிருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியில் இருப்பவர் உள்ளே வரக்கூடாது. புளோரிடா மாநிலத்தில் உள்ள டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தின் விடுதிகளும் விளையாட்டு அரங்கங்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன. 30 குழுக்களில் 22 மட்டும் அழைக்கப்பட்டன. தரவரிசையில் வாய்ப்பிழந்த எட்டுக் குழுக்களின் பருவம் மார்ச்சோடு முடிந்தது.

ஜூன் 23-இல் கட்டாயப் பரிசோதனை தொடங்கியது. முதல் சுற்றில் 302 ஆட்டக்காரர்களில் 16 பேருக்குத் தொற்று இருந்தது. ஏறக்குறைய இருபதில் ஒருவர். அவர்களில் யாரையாவது அப்படியே உள்ளே விட்டிருந்தால் கொப்புளம் முதல் வாரமே உடைந்திருக்கும். தொற்றில்லாதவர்களும் வளாகத்துக்கு வந்ததும் அறையை விட்டு வெளியேறாமல் இருந்து, ஒருநாள் இடைவெளியில் இரண்டு முறை தொற்றில்லை என்று முடிவு வந்த பிறகே நடமாடலாம். அதன் பிறகு தினமும் பரிசோதனை. ஜூலை 20-இல் வெளியான அறிவிப்பில் 346 ஆட்டக்காரர்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை.

விதிமுறை நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. அதில் சிலவற்றைப் படித்தால் சிரிப்பு வரும். மேசைப்பந்தில் இரட்டையர் ஆட்டத்துக்குத் தடை. சீட்டாடினால் ஆட்டம் முடிந்ததும் சீட்டுக்கட்டைக் குப்பையில் போட வேண்டும். சிரித்து முடித்துவிட்டு யோசித்துப் பாருங்கள்: மேசையின் ஒரே பக்கத்தில் இருவர் தோள் உரச நிற்பது எத்தனை நிமிடம்? இறுதிச் சடங்குக்காக அனுமதி பெற்று வெளியே போன ஓர் ஆட்டக்காரர், வழியில் இன்னோர் இடத்துக்கும் போய்வந்தது தெரிந்ததும் பத்து நாள் அறைக்குள் இருக்கவேண்டியதாயிற்று.

ஜூலை 30-இல் ஆட்டங்கள் தொடங்கின. பார்வையாளர் இல்லை. ஒவ்வொரு குழுவும் எட்டு ஆட்டம், மொத்தம் 88. அதன் பிறகு வெளியேற்றச் சுற்றுகள். அக்டோபர் 11-இல் மியாமி ஹீட் குழுவை 4-2 என்ற கணக்கில் வென்று லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கிண்ணத்தை எடுத்தது. தொடக்கத் தனிமையைத் தாண்டி உள்ளே வந்த ஆட்டக்காரர்களில் ஒருவருக்கும் இறுதிவரை தொற்று உறுதியாகவில்லை. வெளியே புளோரிடாவில் அந்தக் கோடையில் நோய் உச்சத்தில் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதற்கு ஆன செலவு 15 கோடி டாலருக்கு மேல். ஆளுக்கு ஓர் அறை, தினமும் ஒரு பரிசோதனை, சமைத்த உணவு வாசலுக்கு வரும். இதே ஆண்டு நவம்பரில் நம் கிள்ளான் வட்டாரத்தில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையுறைத் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த விடுதிகளில் பரவிய தெராத்தாய் தொற்றுத் தொகுதியில் 5,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அதே வைரஸ், அதே ஆண்டு. ஓரிடத்தில் ஆளுக்கோர் அறை, இன்னோரிடத்தில் அடுக்குக் கட்டில்கள். வைரஸுக்கு ஆளின் சம்பளம் தெரியாது, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் உள்ள இடைவெளி தெரியும்.

அந்தக் கையுறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் உலகில் பயன்பட்ட ரப்பர் கையுறைகளில் பாதிக்கு மேல் மலேசியாவில் செய்யப்பட்டவை. 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் நம் கோலகங்சாரில் மரமாக நிற்கிறது. போய்ப் பார்த்திராதவர்கள் அடுத்த விடுமுறையில் பாருங்கள். நீங்கள் பள்ளியில் தட்டி ஆடும் கூடைப்பந்தின் மேல்தோலும் பெரும்பாலும் ரப்பர்தான். உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மட்டும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். மரத்துப் பாலில் செய்த ரப்பரைவிடப் பல மடங்கு குறைவாகவே அதன் வழியாகக் காற்று கசியும். அதனால்தான் பந்தை வாராவாரம் ஊதவேண்டியதில்லை.

மூக்கிலிருந்து வந்த வரைபடம்

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். சாதாரணமாக ஒருவர் எப்போது பரிசோதனைக்குப் போவார்? காய்ச்சலோ இருமலோ வந்த பிறகு. அதற்குள் வைரஸ் ஏறும் கட்டம் முடிந்துபோயிருக்கும். ஏறுவதை யாரும் பார்ப்பதே இல்லை. கூடைப்பந்துக்காரர்களோ நலமாக இருக்கும்போதே தினந்தோறும் மாதிரி கொடுத்தார்கள். நேற்று இல்லை, இன்று கொஞ்சம், நாளை நிறைய என்று ஒவ்வொரு படியும் பதிவானது. ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஸ்டீபன் கிஸ்லர், யோனதன் கிராட் முதலிய ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை, பெயர்களை நீக்கிவிட்டு, ஆராய்ந்தார்கள். 68 பேரின் தரவு முதலில் கிடைத்தது. முடிவு 2021-இல் வெளியானது.

அதைப் புரிந்துகொள்ள பி.சி.ஆர். பரிசோதனை எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பஞ்சுக் குச்சியில் வந்த வைரஸின் மரபுப்பொருளைக் கருவி ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு மடங்காக்குகிறது. 1, 2, 4, 8 என்று அதே பெருக்கல். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ஒளிர்ந்து காட்டும். மாதிரியில் வைரஸ் நிறைய இருந்தால் சில சுழற்சியிலேயே ஒளிரும், குறைவாக இருந்தால் நிறையச் சுழற்சி தேவை. ஆக, எத்தனையாவது சுழற்சியில் ஒளிர்ந்தது என்பதைக் கொண்டு எவ்வளவு வைரஸ் இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். 22-ஆவது சுழற்சியில் ஒளிர்ந்த மாதிரிக்கும் 32-ஆவதில் ஒளிர்ந்த மாதிரிக்கும் பத்துச் சுழற்சி வித்தியாசம். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. முதல் மாதிரியில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அதிக வைரஸ். வெறும் "இருக்கிறது, இல்லை" என்று சொல்வதாக நாம் நினைக்கும் பரிசோதனைக்குள் இவ்வளவு எண் ஒளிந்திருக்கிறது.

ஆய்வாளர்கள் கண்ட வடிவம், செங்குத்தாக ஏறிச் சரிவாக இறங்கும் மலை. முதலில் கண்ணில் படும் அளவிலிருந்து உச்சத்தைத் தொடச் சராசரியாகச் சுமார் 3 நாள். உச்சத்திலிருந்து மறைய ஒரு வாரத்துக்கு மேல். அறிகுறி கண்டவர்களுக்கு இறங்க இன்னும் கூடுதல் நாள் பிடித்தது.

இதிலிருந்து நீங்களே ஒரு முடிவுக்கு வர முடியும். இன்று காலை ஒருவருக்கு முடிவு "இல்லை" என்று வந்தது. அவர் மலையடிவாரத்தில் நிற்கிறார் என்றால்? இரண்டே நாளில் அவர் உச்சிக்கு அருகில் இருப்பார். ஒருமுறை கிடைத்த "இல்லை" சீட்டு அன்றைக்கான சீட்டுதான், அடுத்த வாரத்துக்கான அனுமதிச் சீட்டு ஆகாது. அதனால்தான் உள்ளே வந்தவர்களுக்கு இரண்டு பரிசோதனை, பிறகு தினசரிப் பரிசோதனை. ஏறுமுகத்தில் இருப்பவர், இறங்குமுகத்தில் இருப்பவர் இருவருக்கும் அதே 30-ஆவது சுழற்சி வரலாம். ஒருவர் இனிமேல்தான் பரப்பப் போகிறார், மற்றவர் ஏறக்குறைய முடித்துவிட்டார். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள மறுநாளும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதே குழுவினர் தொடர்ந்து சேர்த்த தரவு 173 பேருடையதாக வளர்ந்து 2021 டிசம்பரில் இன்னோர் ஆய்வானது. தடுப்பூசி போட்டவர்களுக்கு வைரஸ் இறங்க 5.5 நாள், போடாதவர்களுக்கு 7.5 நாள். ஏறும் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை, இறங்குவதில்தான் இரண்டு நாள் மிச்சம். இரண்டு நாள் என்றால் சின்னதாகத் தெரியும். மேலே போட்ட பெருக்கல் கணக்கில் அந்த இரண்டு நாளை வைத்துப் பாருங்கள்.

லீக்கின் பணத்தில் இன்னொன்றும் நடந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மூக்குக் குச்சி இல்லாமல் எச்சிலை வைத்தே செய்யும் பரிசோதனை முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். லீக்கும் அதன் ஆட்டக்காரர் சங்கமும் அதற்கு நிதி கொடுத்தன. 2020 ஆகஸ்ட் 15-இல் அமெரிக்க அரசின் அவசர அனுமதி கிடைத்தது. ஒரு மாதிரிக்கான பொருட்செலவு 5 டாலருக்கும் குறைவு. செய்முறையைப் பூட்டி வைக்காமல் மற்ற சோதனைச்சாலைகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். மார்ச் மாதத்தில் சாதாரண மக்களுக்குப் பரிசோதனை கிடைக்காதபோது கூடைப்பந்துக் குழுக்களுக்கு மட்டும் உடனே கிடைத்தது எப்படி என்று நியூயார்க் மேயர் பில் டி பிளாசியோ வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அது நியாயமான கேள்வி. எச்சில் பரிசோதனை அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஈப்போ மறந்துவிடக்கூடாத கதை

எதை நிறுத்துவது என்பது நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு அமெரிக்கா வரை போகவேண்டாம். 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை வீக்கமும் கண்டன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணினார்கள். அது கொசுவால் பரவும் நோய். ஆகவே புகையடித்தார்கள், அதற்கான தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை.

சான்றுகள் கண்முன்னே இருந்தன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்களோ பெரியவர்கள், அதுவும் பன்றிகளோடு வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் பலமாக இருமின. நோயுற்ற பன்றிகள் நெகிரி செம்பிலான் பண்ணைகளுக்கு விற்கப்பட்டபோது நோயும் லாரியில் கூடவே போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து அதுவரை உலகம் அறியாத வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. பழந்தின்னி வௌவால்களே அதன் இயற்கை இருப்பிடம் என்று பின்னர் தெரிந்தது. பண்ணைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போயிருக்கிறது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே அது அடங்கியது.

அன்று காற்பந்து ஆட்டங்களை நிறுத்தியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. இங்கே அந்த நோய் பெரும்பாலும் பன்றியிடமிருந்தே மனிதருக்கு வந்தது. நிறுத்தவேண்டியிருந்தது பன்றி லாரிகளை. 2020-இல் நிலைமை நேர்மாறு.

யார் வென்றார்?

பருவம் பாதியில் நின்றால் எழும் கடைசிச் சண்டை இது. 2020 சூப்பர் லீக் ஆகஸ்ட் 26-இல் மீண்டும் தொடங்கியபோது ஒவ்வொரு குழுவுக்கும் 22 ஆட்டத்துக்குப் பதில் 11 மட்டுமே என்று சுருக்கினார்கள். ஜொகூர் டாருல் தாக்சிம் வாகை சூடியது. 1921-இல் தொடங்கிய மலேசியக் கிண்ணப் போட்டி அந்த ஆண்டு ரத்தானது. 11 ஆட்டத்தில் முடிவான பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

ஒரு குழுவின் உண்மையான திறமை, பத்தில் ஆறு ஆட்டங்களை வெல்லும் அளவு என்று வைத்துக்கொள்வோம். நல்ல குழு. சமநிலை முடிவுகளைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அந்தக் குழு 11 ஆட்டம் ஆடினால், வெறும் அதிர்ஷ்டக் குறைவால் பாதிக்கும் குறைவாக வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 25 விழுக்காடு. நான்கில் ஒரு பங்கு! 22 ஆட்டம் ஆடினால் அது 12 விழுக்காடாகிறது. என்.பி.ஏ. நின்றபோது குழுக்கள் சுமார் 65 ஆட்டங்கள் முடித்திருந்தன. அங்கே 5 விழுக்காடு. முழுப் பருவமான 82 ஆட்டத்தில் இரண்டரை விழுக்காடு. இன்னொன்றும் கூடைப்பந்துக்குச் சாதகம்: ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் பந்து சுமார் நூறு முறை கைக்கு வருகிறது. காற்பந்தில் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று கோல்தான். ஒரே ஒரு தவறான விசில் காற்பந்தின் முடிவை மாற்றும், கூடைப்பந்தில் அது நூறில் ஒன்று. ஆகவே 65 ஆட்டத்தில் நின்ற கூடைப்பந்துப் பட்டியலை நான் நம்புவேன். 11 ஆட்டக் காற்பந்துப் பட்டியலின் உச்சியை ஒருவேளை நம்புவேன், நடுப்பகுதியை நம்பமாட்டேன்.

அதே ஆண்டு யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 இரண்டு தேர்வுகளும் ரத்தாயின. எஸ்.பி.எம். 2021 பிப்ரவரிக்குப் போனது. உங்கள் அக்காவோ அண்ணனோ அந்த அணியில் இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தேர்வு என்பது ஒரே ஓர் ஆட்டம். அதில் 40 கேள்வி வைப்பதும் 4 கேள்வி வைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு மேலே உள்ள விழுக்காடுகளே விடை. ஆண்டு முழுவதும் வகுப்பில் நடக்கும் மதிப்பீட்டைச் சலிப்பாக நினைப்பவர்கள், அதை 82 ஆட்டப் பருவமாக நினைத்துப் பார்க்கலாம். எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். ஆனால் எல்லா ஆசிரியரும் ஒரே அளவுகோலால் அளந்தால்தான் அது செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்களை நம்பாதவர்கள் வகுப்பில் செய்து பாருங்கள். பழைய தோட்டப் பக்கம் போனால் ரப்பர்க் கொட்டைகள் இன்னும் கிடைக்கும். பத்துக் கொட்டை போதும். ஆறில் வெள்ளைத் திருத்தி மை தடவுங்கள், நான்கை அப்படியே விடுங்கள். பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுங்கள். வெள்ளை வந்தால் வெற்றி. திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு மீண்டும் குலுக்குங்கள், இல்லையென்றால் கணக்கு மாறிவிடும். 11 முறை எடுத்ததும் எத்தனை வெற்றி என்று எழுதுங்கள். 32 பேர் உள்ள வகுப்பில், அதே பை, அதே கொட்டைகள், ஆனாலும் ஏறக்குறைய 8 பேருக்கு வெற்றி 5-க்குள் நின்றுவிடும். அந்த எட்டுப் பேரின் பெயர்களை வெண்பலகையில் எழுதிவையுங்கள். மறுநாள் அவர்களை மட்டும் 82 முறை எடுக்கச் சொல்லுங்கள்.